ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று

சோதனைக்கூடத்தில் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. லட்சம் கோடி பங்கு காற்றில் ஒரே ஒரு பங்கு வேற்று வாயு இருந்தாலும் அவளுடைய இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் கீழ்த்தளத்தில் ஏசி பழுதுபார்க்க வந்தவர் குழாயைக் கழற்றிய ஐந்தாவது நிமிடம் இவள் படியில் வந்து நின்று, "யாருங்க அது, கேஸைத் தொறந்து விட்டது?" என்று கேட்டாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்த மூக்கு மேடம்தான் மூன்று நாளாக இரண்டு எண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்தாள். எழுந்தால் நடந்தாள். தேநீரை வாங்கி எங்கோ வைத்துவிட்டு, வாங்கினோமா இல்லையா என்று யோசித்து மறுபடி வாங்கினாள்.

விஷயம் இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை பெரிய பலூன் ஒன்றில் பெட்டி கட்டி மேலே அனுப்புவார்கள். பெட்டிக்குள் பேட்டரி, மின்னணுப் பலகைகள், பன்னிரண்டு எஃகுக் குடுவைகள். முப்பது கிலோமீட்டர் உயரம்வரை போகும். குறித்த உயரம் வந்ததும் ஒவ்வொரு குடுவையாக வாய் திறந்து, பெட்டிக்குக் கீழே தொங்கும் குழாய் வழியாக அங்கிருக்கும் காற்றைக் குடித்துவிட்டு மூடிக்கொள்ளும். திரும்பி வந்த குடுவைகளில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை.

எல்லாவற்றையும்விட அவள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தது ஒரு வாயுவை. ஒரு காலத்தில் ஃபிரிட்ஜுக்கும் ஃபோமுக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்தபின் தடை செய்தார்கள். அதற்கு நீளமான பெயர் உண்டு. சோதனைக்கூடத்தில் அதன் எண்ணைச் சொல்லிப் 'பதினொன்று' என்பார்கள். தரைக்குப் பக்கத்தில் பதினொன்றை அசைக்க ஆளில்லை. மழை கரைக்காது, வெயில் உடைக்காது. பல ஆண்டுகள் மெல்ல மெல்ல ஏறி, ஓசோன் இருக்கும் உயரத்துக்குப் போனபிறகுதான் சூரியனின் கடுமையான ஒளி பட்டு உடையும். ஆகவே மேலே போகப்போக அது குறைந்துகொண்டே வரவேண்டும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வைத்துத்தான் வானத்தில் மிச்சமிருப்பது தீர எத்தனை காலம் ஆகும் என்று சொல்வார்கள்.

சென்ற ஆண்டு அவள் ஒரு கட்டுரை எழுதினாள். பதினொன்று மேலே நாம் நினைத்த வேகத்தில் உடையவில்லை, மெதுவாகத்தான் உடைகிறது, ஓசோன் படலம் பழைய நிலைக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டு கூடுதலாக ஆகும் என்பது அதன் சாரம். துறையில் அது பெரிய பேச்சானது. செய்தித்தாளில் அவள் புகைப்படம் வந்தது. அவளுடைய நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வீட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அண்ணிதான்" என்று காட்டிக்கொண்டிருந்தாள். பல நாடுகள் சேர்ந்த ஒரு குழு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையில் அந்த ஒன்பது ஆண்டைச் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தது.

சென்ற ஆண்டு இறங்கும்போது ரேடியோ தொடர்பு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் பன்னிரண்டு குடுவைகளையும் ஏறும்போதே நிரப்பிக்கொண்டார்கள். இந்த ஆண்டு புது ரேடியோ. பாதியை ஏறும்போதும் பாதியை இறங்கும்போதும் நிரப்பினார்கள். இருபத்துநான்கு கிலோமீட்டர் உயரத்தில், ஏறும்போது எடுத்த குடுவையில் பதினொன்றின் அளவு லட்சம் கோடியில் ஐம்பத்திரண்டு பங்காக இருந்தது. அதே உயரத்தில், இரண்டு மணி நேரம் கழித்து, இறங்கும்போது எடுத்த குடுவையில் நாற்பது.

ஐம்பத்திரண்டு என்றால் அவள் கட்டுரை சரி. நாற்பது என்றால் அவள் கட்டுரை தப்பு.

மூன்று நாளில் அவள் பார்க்காததில்லை. இயந்திரத்தை நிறுத்தி, சுத்தம் செய்து, மறுபடி ஓட்டினாள். அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்துப் பார்த்தாள், கச்சிதமாகச் சொன்னது. வெறும் குடுவையைக் கொடுத்தாள், ஒன்றுமில்லை என்றது. ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாகவே நின்றது, நாற்பது நாற்பதாகவே நின்றது.

புதன்கிழமை காலை இயக்குநர் அவளைத் தேடி அறைக்கே வந்தார். நல்ல மனிதர், அவசரம் என்றால் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"வெள்ளிக்கிழமையோட அறிக்கையை மூடுறாங்களாம். இந்த வருஷத்து எண்ணைக் கேக்கறாங்க. அனுப்பிடலாமா?"

அவள் இரண்டு எண்களையும் சொன்னாள். கண்ணாடி ஒருமுறை கழன்று மாட்டிக்கொண்டது.

"ஏறும்போது எடுத்தது போன வருஷத்தோட ஒத்துப்போகுதுல்ல?"

"ஒத்துப்போகுது சார்."

"அப்போ இறங்கும்போது எடுத்ததுலதான் ஏதோ கோளாறா இருக்கணும். ரேடியோ புதுசு, வால்வை எப்போ தொறந்துச்சோ, எப்போ மூடுச்சோ. ஒரு வரி எழுதி ஒதுக்கி வெச்சிடலாம். நான் சொல்லல, கேக்கறேன்."

"ரெண்டு நாள் குடுங்க சார்" என்றாள்.

அவர் போய்விட்டார். அவர் சொன்னது அவள் மனதில் முந்தின நாளே வந்துபோன யோசனைதான். இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று தெரிந்தது. வசதியாக இருப்பதுதான் அவளை உறுத்தியது. ஏன் இறங்கும்போது எடுத்தது மட்டும் கோளாறு? ஏறும்போது எடுத்தது என்ன, சத்தியம் செய்து கொடுத்ததா?

பலூன்காரருக்கு ஃபோன் போட்டாள். இருபது ஆண்டாகப் பலூன் விடுகிறவர். வார்த்தையைச் செலவழிக்க மாட்டார்.

"ரெண்டு மணி நேரத்துல மேல காத்து மாறிடுமாங்க?"

"காத்தைப் பத்திக் கேட்டா எனக்குத் தெரியாது மேடம். பெட்டி எங்க, குழாய் எங்கன்னு கேளுங்க, சொல்றேன்."

"சரி, அதையே சொல்லுங்க."

"குழாய் பெட்டிக்குக் கீழ தொங்குது. ஏறும்போது பெட்டி முன்னாடி போகும், குழாய் பின்னாடி வரும். இறங்கும்போது குழாய் முன்னாடி, பெட்டி பின்னாடி. அவ்வளவுதான்."

அவள் ரிசீவரை வைக்காமல் அப்படியே நின்றாள். லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவன் எதைச் சுவாசிப்பான்? லாரியின் புகையைத்தான். ஏறும்போது குழாய் குடித்தது வானத்துக் காற்றை மட்டுமில்லை. தங்கள் பெட்டியைத் தடவிவிட்டு வந்த காற்றை.

"மேடம், இருக்கீங்களா?" என்றார் பலூன்காரர்.

"இருக்கேன்" என்று வைத்தாள்.

பெட்டி கிடங்கு அறையில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினாள். மேலே குளிர் மைனஸ் ஐம்பது, அறுபது என்று போகும். பேட்டரி விறைத்துப்போகாமலிருக்கப் பெட்டியின் உள்சுவர் முழுக்க ஃபோம் வைத்திருந்தது. வெளிர் மஞ்சளாக இருக்கவேண்டிய ஃபோம் ஓரங்களில் பழுப்பேறியிருந்தது. போன வருடம் செய்த பெட்டி; புது ஃபோமாக இருந்தால் ஒரு வருடத்தில் இப்படிப் பழுக்காது.

கட்டைவிரல் அளவு ஒரு துண்டு வெட்டி, எஃகுச் சாடியில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அரைமணி நேரம் விட்டாள். அந்த அரைமணியில் தாழ்வாரத்தை எத்தனை முறை அளந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு சாடியில் சேர்ந்ததை இயந்திரத்துக்குக் கொடுத்தாள். பதினொன்று வரவேண்டிய இடத்தில் திரையில் கோடு எழுந்தது. எழுந்து, திரையின் உச்சியில் இடித்து, அங்கேயே படுத்துவிட்டது. பழைய ஃபோமின் ஒவ்வொரு கண்ணறையிலும் அந்த வாயு அடைபட்டுக் கிடந்திருக்கிறது. மேலே அழுத்தம் குறையக் குறைய அது கசிந்து வெளியேறியிருக்கிறது. உயரம் கூடக்கூடக் கசிவும் கூடியிருக்கிறது. பதினொன்று மெதுவாக உடைகிறது என்று அவள் உலகத்துக்குச் சொன்னது இதைத்தான்.

பெட்டியைச் செய்தவர் அவள் கணவர்.

அவர் அதே நிறுவனத்தின் பட்டறையில் இருந்தார். சோதனைக்கூடங்களுக்கு வேண்டிய சட்டம், பிடி, பெட்டி எல்லாம் அவர் கைவேலை. அவள் போனபோது கடைசல் இயந்திரத்தில் பித்தளைத் துண்டு ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார்.

"அந்தப் பெட்டிக்கு ஃபோம் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எந்தப் பெட்டி? பலூன் பெட்டியா? புது ஷீட் வரல. பின்னாடி போட்டு வெச்சிருந்த பழைய குளிர் அறைக் கதவைப் பிளந்து எடுத்தேன். சொன்னேனே உன்கிட்ட."

"என்கிட்டயா? எப்போ?"

"போன வருஷம், பலூன் கிளம்பறதுக்கு முந்தின நாள். நீ ஃபோன்ல இருந்தே. தலையை ஆட்டினே."

"ஃபோன்ல இருக்கறவ தலையை ஆட்டினா உங்களுக்குத்தான் ஆட்டினாளா? அந்தக் கதவு முப்பது வருஷம் பழசு. அதுக்குள்ள என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நான் எதைத் தேடறேன்னு தெரியாதா?"

"நீ தேடறதோட நம்பர் தெரியும்" என்றார் அவர். "அது கதவுக்குள்ள இருக்கும்னு தெரியாது."

"என் பேரே போச்சு" என்றாள் அவள். பட்டறையில் இருந்த மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் எதையோ தேடப் போய்விட்டார்கள். அவர் கையிலிருந்த பித்தளைத் துண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். அந்தத் துடைப்பு அவள் எரிச்சலை இன்னும் கிளறியது. விருட்டென்று வந்துவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நாத்தனார் இவளைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு முடித்தாள்.

வியாழன் காலை அவள் இயக்குநருக்குக் கொடுக்க ஆதாரங்களைத் திரட்டினாள். இயந்திரம் தந்த வரைபடங்கள், ஃபோம் துண்டின் படம், பெட்டி செய்த தேதி. தேதிக்காகப் பட்டறைப் பதிவேட்டைக் கேட்டு ஆள் அனுப்பினாள். தடித்த அட்டை போட்ட பெரிய நோட்டு வந்தது. பக்கத்தைப் புரட்டி, பெட்டி பற்றிய குறிப்பில் விரலை வைத்தாள். கணவரின் குண்டு குண்டான எழுத்து.

'பலூன் பெட்டி. புது ஃபோம் வரவில்லை. பழைய குளிர் அறைக் கதவிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது. சரியா என்று பார்த்துச் சொல்லவும்.'

அதற்குக் கீழே பச்சை மையில் 'சரி' என்று இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து.

அவள் அதை நினைவில் தேடினாள். கிடைக்கவில்லை. யாரோ நோட்டை நீட்டியிருப்பார்கள். ஒரு காதில் ஃபோனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் போட்டிருப்பாள். அன்று மட்டும் அப்படி எத்தனையில் கையெழுத்துப் போட்டாளோ. ஆனால் பச்சைப் பேனா அவளுடையது. எழுத்தின் சாய்வு அவளுடையது. கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்தாள். பிறகு திறந்து பார்த்தாள், எழுத்து மாறியிருக்குமோ என்பதுபோல.

பட்டறைக்கு நோட்டை அவளே எடுத்துப்போனாள். அவர் தனியாக இருந்தார்.

"இது இருக்கறது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நேத்து அத்தனை பேச்சு பேசினேனே. எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினா என்ன ஆயிடும்? ஃபோம் மாறிடுமா?" என்றார். பிறகு, "அந்த ரெண்டு பேர் முன்னாடி காட்டச் சொல்றியா" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள், அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான்கு நாளில் அவள் முழுதாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இயக்குநர் எல்லாவற்றையும் படித்து முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றவில்லை. முடித்ததும் கழற்றியவர் மாட்டவே இல்லை.

"கட்டுரையைத் திரும்ப வாங்கணும். வேற வழி இல்ல" என்றார்.

"கடிதம் எழுதிட்டு வந்திருக்கேன் சார்."

அதையும் படித்தார். "இதுல இப்படி விவரமா எழுதணுமா? 'பட்டறை ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் பொருத்தமில்லாத ஃபோம் பயன்படுத்தப்பட்டது'ன்னு போட்டா போதும். யார் பேரும் வராது. உங்க வீட்டுக்காரர்ங்கறதும் யாருக்கும் தெரியாது."

"கவனக்குறைவு அவரோடது இல்ல சார். எழுதிக் கேட்டிருக்காரு. நான்தான் பார்க்காம சரின்னு எழுதினேன்."

"வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க முடியாதுன்னு சொல்றீங்களா?"

"வேற யாரா இருந்தாலும் இதையேதான் எழுதுவேன்" என்றாள். சொல்லி முடித்ததும் அது உண்மைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. வேறு யாராகவாவது இருந்தால் அந்த நோட்டைத் தேடிப் போயிருப்பாளா? போயிருந்தாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்தபின் என்ன செய்திருப்பாள்? இந்தக் கேள்வி அதன்பின் பல நாள் அவளை விடவில்லை. ஆனால் கடிதத்தில் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. 'பழைய ஃபோம் பற்றி எனக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட்டது; நான் சோதிக்காமல் ஒப்புதல் அளித்தேன்' என்ற வரியோடு வெள்ளிக்கிழமை காலை அது குழுவுக்குப் போயிற்று. அறிக்கையில் ஒன்பது ஆண்டு நீக்கப்பட்டுப் பழைய கணக்கே நின்றது.

பெயர் போகத்தான் செய்தது. இரண்டு கருத்தரங்குகளில் பேச அழைத்திருந்தவர்கள், நிகழ்ச்சி நிரல் மாறிவிட்டதாக எழுதினார்கள். அடுத்த பலூனுக்குத் தலைமை இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவள் இயந்திரத்தோடு மட்டும் இருந்தாள். தாழ்வாரத்தில் எதிரே வருகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அவள் கட்டுரையை நம்பித் தன் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்த ஒருவர் ஒரே ஒரு வரி அனுப்பினார்: 'முன்பே பார்த்திருக்கலாம்.' அவள் பதிலாக, 'ஆம்' என்று எழுதினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. ஞாயிறு மதியம் நாத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஓசோன் ஓட்டை சீக்கிரம் அடையுமா, லேட்டா அடையுமா?"

"நான் சொன்னதைவிட ஒன்பது வருஷம் முன்னாடி அடையும்."

"நல்ல சேதிதானே? அதுக்கு ஏன் இழவு வீடு மாதிரி ரெண்டு பேரும் உம்முன்னு சுத்திக்கிட்டு இருந்தீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். உலகத்துக்கு நல்லதாக வந்த ஒன்று தனக்கு மட்டும் எவ்வளவு கசந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்பது ஆண்டு தாமதம் உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று சில காலைகளில் ஏங்கியதையும் சொல்லவில்லை. செய்தித்தாள் பக்கத்தை நாத்தனார் தானாகவே கழற்றி எடுத்துப்போனாள். எங்கே வைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் நான்கு மாதத்திலேயே அடுத்த பலூனை அனுப்பினார்கள். இம்முறை பெட்டி முழுக்க மரமும் அலுமினியமும், கணவர் செய்தது. ஒவ்வொரு துண்டையும் பொருத்துவதற்கு முன் அவளிடம் கொடுத்தார். ஒவ்வொன்றையும் சாடியில் போட்டு அவள் சோதித்தாள். பசையைக்கூட விட்டுவைக்கவில்லை. "இந்தப் பெட்டிக்கு நடந்த சோதனை நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்ல எனக்குக்கூட நடக்கல" என்றார் அவர். திரும்பி வந்த குடுவைகளில் இருபத்துநான்கு கிலோமீட்டரில் ஏறும்போது நாற்பத்தொன்று, இறங்கும்போது நாற்பது. அவள் மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் அதுவே. முடிவை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் கால் நிற்கவில்லை. வழக்கம்போல் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது. வேறொரு நாட்டில் இதே வேலை செய்யும் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண். இதற்குமுன் பேசியதில்லை. தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"உங்க கடிதத்தைப் படிச்சேங்க. படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்ல. எங்க எண்ணும் கொஞ்சம் உசந்துதான் இருக்கும். இயந்திரத்தோட குணம்னு விட்டு வெச்சிருந்தோம். நேத்து பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தோம்."

"ஓரத்துல பழுப்பா இருந்துச்சா?"

"ஆமாங்க" என்றாள் அந்தப் பெண். "ஆறு வருஷமா அதே பெட்டி."

ஆறு வருடம் என்றால் ஆறு பலூன், எத்தனை கட்டுரைகளோ. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஃபோமை எப்படிச் சோதிப்பது, எந்த எண்ணை நம்பலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொன்னாள். கடைசியில் அந்தப் பெண், "எங்க இயக்குநர்கிட்ட இன்னும் சொல்லல" என்றாள்.

"இன்னைக்கே சொல்லிடுங்க. நாளைக்குன்னா இன்னும் கஷ்டமா இருக்கும்."

வைத்ததும் நேராகப் பட்டறைக்குப் போனாள். கணவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பலகை அறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். துணியைக் கீழே இறக்கிவிட்டு, "அங்க பெட்டி செஞ்சது யாராம்?" என்று கேட்டார்.

"தெரியல. கேக்கல."

"கேளு. அந்த ஆளைக் கூப்பிட்டுக் கத்தறதுக்கு முன்னாடி நோட்டைப் பார்க்கச் சொல்லு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டு ரம்பத்தை எடுத்துவிட்டார். அவள் ஃபோனை எடுத்து, இப்போது வந்த எண்ணுக்கே திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. யாரும் எடுக்கவில்லை. ரம்பச் சத்தத்திலிருந்து தப்பிக்க வாசலுக்கு வந்து, நடந்துகொண்டே மறுபடி அழைத்தாள்.